ஜே-20 செமினார்: பல்லு பல்லா இருக்கறது த்ரஸ்ட் வெக்டரிங் இல்ல

தம்பி, சீனாவோட ஸ்டெல்த் (ரேடார்ல சுலபமா சிக்காத) போர் விமானம் ஜே-20 போட்டோல நாசில் (இஞ்சின் புகை வெளிய வர்ற பின்பக்க வாய்) ஓரம் பல்லு பல்லா இருக்கு, அதனால த்ரஸ்ட் வெக்டரிங் இருக்குன்னு செமினார்ல போடலாமான்னு கேட்டிருக்கீங்க. போடாதீங்க, சார் முதல் கேள்வியே அங்கதான் கேப்பாரு. அந்தப் பல்லு ரேடார் அலை நேரா திரும்பிப் போகாம சிதறடிக்கத்தான், வெக்டரிங்னா நாசிலே சாய்ஞ்சு புகையோட திசைய மாத்தணும்.

சீனாக்காரன் இந்த வெக்டரிங்க ஊருக்கே காட்டினது அவங்க ஊர் ஜூஹாய்ல நடந்த 2018 ஏர்ஷோல. ஆனா அது ஜே-20 இல்ல, ஜே-10பி, ஒத்த இஞ்சின் வண்டி, உள்ளூர் டபிள்யூஎஸ்-10 இஞ்சின்ல நாசில மட்டும் மாத்திப் போட்டு கோப்ரா (பறக்கறப்பவே பாம்பு படம் எடுக்கற மாதிரி மூக்க சட்டுன்னு தூக்கறது) எல்லாம் அடிச்சுக் காட்டினாங்க, செம ஷோ (வீடியோ கிடைச்சா செமினார்லயே ஓட்டிடுங்க). அதுவும் டெமோ விமானம்தான். படையில சேர்ந்த வெக்டரிங் வேணும்னா ரஷ்யாகிட்ட வாங்கின 24 சு-35 போர் விமானம் இருக்கு, அத எழுதுங்க.

ஜே-20 ஆரம்பத்துல ரஷ்ய ஏஎல்-31 இஞ்சின்லதான் பறந்துச்சு, 2021 ஜூஹாய்லதான் உள்ளூர் இஞ்சினோட பப்ளிக்கா வந்துச்சு. உங்க போட்டோல பல்லு இருக்குன்னா அது உள்ளூர் இஞ்சினாதான் இருக்கும், பெரும்பாலும் டபிள்யூஎஸ்-10 வகை.

என்னக் கேட்டா செமினார்ல பாதி நேரம் டர்பைன் பிளேடுக்கே (இஞ்சினுக்குள்ள சூடான காத்து தள்ளிச் சுத்தற இறக்கை) குடுக்கலாம். நாசில சாய்க்கிறது ஒரு வித்தைதான், ஆனா உலோகமே உருகற சூட்டுக்கும் மேல இருக்கற காத்துல, ஒரே படிகமா வார்த்த பிளேடு, உள்ள கூலிங் ஓட்டையோட, ஆயிரக்கணக்கான மணி நேரம் தாங்கணும் பாருங்க, அங்கதான் சீனாக்காரங்க இத்தன வருஷம் முட்டிக்கிட்டு நின்னாங்க.