கடற்கரைக் காட்சிக்கு அப்பால் டெபோரா கார்

“ஒரு கடற்கரைக் காட்சியைத் தவிர நடிகை டெபோரா கார் எதற்காக நினைக்கப்பட வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். 1953இல் வந்த ‘ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி’ படத்தில், ஹவாய்க் கடற்கரையில் பர்ட் லங்காஸ்டருடன் அலை மேலே புரள அவர் நடித்த காட்சி புகழ்பெற்றதுதான். எனினும், பொங்கி வருவதை உள்ளேயே அடக்கி நிற்கும் பெண்களாக நடிப்பதில்தான் அவருக்கு இணை இல்லை என்பது என் கருத்து.

1921இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்த அவர், முதலில் பயின்றது பாலே நடனம். அதைக் கைவிட்டு நாடகத்துக்கும் பின்னர் திரைப்படத்துக்கும் வந்தாலும், நிமிர்ந்த முதுகும் அளந்து வைக்கும் அடியும் கடைசிவரை அவரிடம் இருந்தன. 1943இல் பிரிட்டிஷ் திரைப்பட இரட்டையர்களான பவல், பிரெஸ்பர்கர் இருவரும் எடுத்த ‘கர்னல் பிளிம்ப்’ படத்தில் மூன்று வெவ்வேறு பெண்களாக அவர் ஒருவரே நடித்தார்.

அதே இருவரின் ‘பிளாக் நார்சிசஸ்’ (1947) படத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். இமயமலையில் கைவிடப்பட்ட அரண்மனை ஒன்றில் மடம் நடத்த வரும் கன்னியாஸ்திரீகளின் தலைவி அவர். (படக்குழு இந்தியாவுக்கு வரவே இல்லை, மலைகளெல்லாம் இங்கிலாந்தின் பைன்வுட் படப்பிடிப்புத் தளத்தில் உருவான ஓவியங்கள்.) துறவுடை முகத்தை மட்டுமே விட்டுவைக்கிறது. தேவாலயத்தில் வழிபாட்டில் இருக்கும்போது, அயர்லாந்தில் விட்டு வந்த காதல் அவருடைய நினைவில் எழுகிறது. அந்த மகிழ்ச்சி முகத்தில் படர்வதையும், தலைவி என்ற உணர்வு வந்ததும் அது ஒடுங்குவதையும் வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறார்.

ஹாலிவுட் அவரை வெகுகாலம் கண்ணியமான ஆங்கிலச் சீமாட்டியாகவே பயன்படுத்தியது. ‘தி கிங் அண்ட் ஐ’ (1956) பெரும் வெற்றி பெற்றது. பாடல்களில் கேட்பது பெரும்பாலும் பின்னணிப் பாடகி மார்னி நிக்சனின் குரல் என்றாலும், பேச்சிலிருந்து பாட்டுக்கு மாறும் இடம் தெரியாதபடி இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள்.

அவருடைய உச்சம் என்று நான் கருதுவது ‘தி இன்னசென்ட்ஸ்’ (1961). பெரிய மாளிகையில் இரு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியையின் கண்ணில் படுவது பேயா, மனப்பிரமையா என்பதைப் படம் முடிவு செய்வதில்லை. இரண்டுக்கும் இடம் வைத்து நடிப்பது எளிதன்று. ஒளிப்பதிவாளர் ஃபிரெடி பிரான்சிஸ் கேமராவுக்கு முன் பொருத்தும் ஒளி வடிகட்டிகளின் ஓரங்களில் வண்ணம் பூசி, திரையின் இரு பக்கங்களையும் இருளாக்கியிருந்தார். அந்த இருளுக்கு நடுவே மெழுகுவத்தி ஏந்தி வரும் அவருடைய முகத்தில், அச்சமும் பிடிவாதமும் ஒன்றாகவே தெரியும்.

சிறந்த நடிகைக்கான ஆஸ்காருக்கு ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட அவர் வெல்லவில்லை. அமைதியான நடிப்பு வாக்காளர்களின் கண்ணில் எளிதில் படுவதில்லை என்றே நினைக்கிறேன். ‘தி இன்னசென்ட்ஸ்’ படத்துக்கு அந்தப் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. 1994இல் கௌரவ ஆஸ்கார் வழங்கினார்கள். 2007இல் இங்கிலாந்தில் காலமானார்.

அவருடைய கடைசித் திரைப்படமான ‘தி அஸ்ஸாம் கார்டன்’ (1985) கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்: கணவரை இழந்த ஆங்கிலேயப் பெண்ணாக அவரும், தோட்டத்தைப் பேண உதவ வரும் இந்தியப் பெண்ணாக மதுர் ஜாஃப்ரியும் நடித்திருக்கிறார்கள்.