கேர்டேக்கர் மேனேஜர் என்றால் என்ன? எடி ஹவ் அப்படித்தான் தொடங்கினாரா?

கால்பந்தில், பழைய பயிற்சியாளரை நீக்கிவிட்டு அடுத்தவரைத் தேடும் இடைவெளியில் அணியைப் பார்த்துக்கொள்பவர்தான் கேர்டேக்கர் மேனேஜர். தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போனதும் மூத்த ஆசிரியர் ஒருவர் 'பொறுப்பு' பார்ப்பாரே, அதே கதை. பெரும்பாலும் கிளப்புக்குள் இருப்பவரையே நிறுத்துவார்கள். அவருக்கு வீரர்களைத் தெரியும். சனிக்கிழமை மேட்ச் யாருக்காகவும் காத்திருக்காது.

ஆமாம், இங்கிலாந்தின் எடி ஹவ் அப்படித் தொடங்கியவர்தான். போர்ன்மவுத் கிளப்பின் தடுப்பாட்டக்காரர். முழங்கால் காயத்தால் 2007இல், முப்பது வயது ஆகும் முன்பே ஆட்டத்தை விட்டார். 2008 டிசம்பர் கடைசியில் பொறுப்பு கைக்கு வந்தபோது, பணச் சிக்கலால் 17 புள்ளிகளைப் பறிகொடுத்த கிளப் நான்காம் பிரிவின் அடியில் தத்தளித்தது. முதல் இரண்டு மேட்சிலும் தோல்வி! ஆனாலும் அந்த 31 வயதுக்காரரையே நிரந்தரமாக்கினார்கள். அணி அந்த சீசனில் தப்பித்தது. நடுவில் பர்ன்லி கிளப்புக்குப் போய்த் திரும்பினார், 2015இல் போர்ன்மவுத்தை முதல் பிரிவான பிரீமியர் லீக்குக்கே ஏற்றிவிட்டார். அப்புறம் நியூகாசில்: 2025 லீக் கோப்பை இறுதியில் லிவர்பூலை 2-1 என வென்றார்கள். 1955க்குப் பிறகு அந்தக் கிளப்புக்கு முதல் பெரிய உள்நாட்டுக் கோப்பை அது.

பெரிய நட்சத்திரமாக ஆடியவர்தான் நல்ல பயிற்சியாளராவார் என்று பலர் நினைக்கிறார்கள். ஹவ் இங்கிலாந்தின் சீனியர் அணிக்கு ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை.