பழைய கேஸ் என்ஜினை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஓடுமா?

கேள்வி: பழைய கேஸ் என்ஜின் ஒன்றின் ஓடக்கூடிய மாதிரியை வீட்டு லேத்தில் செய்ய முடியுமா? மூலப் படத்தில் உள்ள எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டால் போதாதா?

பதில்:

செய்ய முடியும். ஆனால் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறைத்தால் போதாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அது உதவும், ஓடுவதற்கு உதவாது. உங்களிடம் சிறிய லேத் ஒன்றும், ட்ரில்லிங் மெஷின் ஒன்றும், வேலை முடிந்து வந்த பிறகு சில மணி நேரமும் இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் கோயம்புத்தூரில் டூல் ரூமில் வேலை பார்ப்பவன். பொறியியல் பட்டம் பெற்றவன் அல்லன். ஆனால் இங்கே வரும் கணக்கு எல்லாம் பள்ளிக்கூடக் கணக்குதான், யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் எடுத்துக்கொண்ட மூலம், மான்செஸ்டரில் கிராஸ்லி சகோதரர்கள் 1890-களில் செய்துவந்த வகையைச் சேர்ந்த, சிலிண்டர் படுக்கைவாட்டில் உள்ள என்ஜின். ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ 1876-இல் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினை ஓட்டிக் காட்டியபின், அதை இங்கிலாந்தில் செய்யும் உரிமத்தைப் பெற்றவர்கள் இவர்கள். அந்த என்ஜினுக்கு எரிபொருள், ஊர் விளக்குகளுக்காகக் குழாயில் வந்துகொண்டிருந்த நிலக்கரி வாயு. ஸ்பார்க் பிளக் கிடையாது. ஒரு முனை மூடிய சிறு குழாயை வெளியிலிருந்து பர்னர் சூடாக்கிக்கொண்டே இருக்கும். அமுக்கப்பட்ட கலவை அந்தக் குழாய்க்குள் ஏறிச் செந்நிறமாகக் காய்ந்த இடத்தைத் தொட்டதும் பற்றிக்கொள்ளும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் விதமும் தனி. கத்தி முனை போன்ற ஒரு சிறு துண்டு ஒவ்வொரு சுழற்சியிலும் கேஸ் வால்வின் தண்டை நோக்கிச் செல்லும். வேகம் குறைவாக இருந்தால் அது தண்டின் பள்ளத்தில் சரியாக அமர்ந்து வால்வைத் தள்ளித் திறக்கும். வேகம் கூடியிருந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான கவர்னர் அதைச் சற்றே தூக்கிவிடும், அது தண்டைத் தொடாமல் கடந்துபோகும், அந்தச் சுற்றில் என்ஜின் வெறும் காற்றை மட்டும் இழுத்து வெளியே விடும். இந்தத் துண்டு தொடுவதையும் தவறுவதையும் பக்கத்தில் குனிந்து பார்ப்பதற்காகவே நான் இந்த வேலையில் இறங்கினேன்.

இனி கணக்குக்கு வருகிறேன். மூலத்தின் சிலிண்டர் 180 மி.மீ. துளையும் 360 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்டது, ஆறில் ஒன்றாக்கினால் 30 மி.மீ., 60 மி.மீ. என்று அழகாக வரும். நீளம் ஆறில் ஒன்றானால் பரப்பு 36-இல் ஒன்றாகும், கொள்ளளவு 216-இல் ஒன்றாகும். எரியும் கலவை 216 மடங்கு குறைந்திருக்க, அதன் சூட்டை உறிஞ்சும் சிலிண்டர் சுவர் 36 மடங்குதான் குறைந்திருக்கிறது. ஓட்டத்தைச் சீராக வைக்கும் கனமான சக்கரமான ஃபிளைவீலின் நிலைமையோ இன்னும் மோசம். சுழற்சியைத் தாங்கி நிற்கும் அதன் திறன் நீளத்தின் ஐந்தாம் படியில் குறைவதால் அது 7776-இல் ஒரு பங்காகிவிடுகிறது. மூல என்ஜின் நிமிடத்துக்கு 200 சுற்றில் ஓடிய அதே சீரான ஓட்டம் மாதிரியிலும் வேண்டுமென்றால், அதை 1200 சுற்றில் ஓட்ட வேண்டும். 1200 சுற்றில் ஓடும் கேஸ் என்ஜினில், கவர்னர் விட்டுவிட்டுக் கேஸ் கொடுப்பதைக் கண்ணாலும் காதாலும் பிரித்தறிய முடியாது. தையல் மெஷின் போல ஒரே இரைச்சலாகிவிடும். வேகத்தைக் குறைத்து 200 சுற்றிலேயே வைத்தால், கவர்னரில் சுழலும் குண்டுகள் வெளியே தள்ளும் விசை 1296-இல் ஒரு பங்காகி, மூலத்தின் விகிதத்திலேயே செய்த ஸ்பிரிங்கைக்கூட அசைக்காது. ஆகவே நான் ஃபிளைவீலின் விட்டத்தை விகிதப்படி வைத்துக்கொண்டு, விளிம்பை மட்டும் உள்பக்கமாகத் தடித்ததாக்கினேன். கவர்னர் ஸ்பிரிங்கை மெல்லிய கம்பியில் புதிதாகச் சுற்றினேன். முன்னால் நின்று பார்ப்பவருக்கு விளிம்பின் தடிப்பு தெரியாது.

உடனே ஒருவர் வந்து, அளவை மாற்றிவிட்டு இதை ஸ்கேல் மாடல் என்று சொல்லலாமா என்று கேட்பார். என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள். இரும்பைச் சுருக்கலாம்; காற்றையும் தீயையும் சுருக்க முடியாது. இதை ஒப்புக்கொள்ளாமல் அளவுகளைக் காப்பாற்றியவர்களின் என்ஜின்கள் மேசைமேல் அசையாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சூட்டுக் குழாய் இதற்கு நல்ல சான்று. மூலத்தில் அதன் உள்துளை சுமார் 8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஆறில் ஒன்று ஒன்றேகால் மி.மீ.யைவிடச் சற்று அதிகம். புரோப்பேன் சுடர் சாதாரண அழுத்தத்தில் சுமார் 2 மி.மீ.க்குக் குறைந்த இடுக்கில் நுழைந்தால் சுவர் சூட்டை வாங்கிக்கொள்ள, அணைந்துவிடும். அக்காலத்து நிலக்கரி வாயுவில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன். ஹைட்ரஜன் சுடர் அரை மி.மீ.யைச் சற்றே தாண்டிய இடுக்கிலும் ஓடும். நமக்குக் கிடைப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. அதனால் துளையை 3 மி.மீ. ஆக்கி, குழாயை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மெல்லிய சுவரோடு கடைந்தேன். பர்னரை மேலே நகர்த்தினால் தீப்பற்றுவது தாமதமாகும், கீழே இறக்கினால் முந்தும். டைமிங் முழுவதும் அந்த ஒரு ஸ்க்ரூவில் இருக்கிறது. கேஸ் வால்வுக்கும் இதே கதைதான். நிலக்கரி வாயுவுக்கு ஐந்தாறு பங்கு காற்று போதும். எல்பிஜிக்கு 24 முதல் 31 பங்கு வரை வேண்டும். 42 கன செ.மீ. கொண்ட என் சிலிண்டருக்கு ஒரு முறை உள்ளே போக வேண்டிய கேஸ் ஒன்றரை கன செ.மீ. அளவுதான். மூல வால்வைச் சுருக்கி வைத்தால் கலவையில் கேஸ் மிஞ்சிப்போய், குழாய் எவ்வளவு சிவந்திருந்தாலும் பற்றாது.

வார்ப்பு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகச் செய்பவர்கள் மனம் உடைவது இங்கேதான். ஃபிளைவீலுக்குத் தேக்கில் நானே பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுப்பதற்கான மர மாதிரி) செய்தேன். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும் என்பதால் அதற்கான கூடுதலும், கடைவதற்கான கூடுதலும் சேர்த்தேன். வந்த வார்ப்பை லேத்தில் கட்டி விளிம்பில் டூலை வைத்தபோது, ஹெச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்) முனை கீச்சென்று கத்தி, நீலம் பாய்ந்து மழுங்கியது. கார்பைடு டூல் வழுக்கிக்கொண்டு போனது. விளிம்பு பளபளத்ததே தவிரத் துருவல் வரவில்லை. பவுண்டரிக்கு எடுத்துப் போனேன். மோல்டிங் வேலையில் வயதாகிப்போன பெரியவர் அங்கே ஒருவர் இருந்தார். அதே உலோகத்தில் மெல்லிசாக வந்திருந்த ஒரு துண்டைச் சுத்தியலால் உடைத்து வெளிச்சத்தில் காட்டினார். ஓரம் வெள்ளியாக மின்னியது, நடு மட்டும் சாம்பல் நிறமாக இருந்தது. "மெல்லிசான எடம் வெரசா ஆறிருச்சுங்க தம்பி, அதான் வெள்ளையாயிருச்சு. பதப்படுத்தித் தாரேன், அப்புறம் கடைஞ்சு பாருங்க" என்றார். வேகமாக ஆறினால் இரும்பிலுள்ள கரி கிராஃபைட்டாகப் பிரியாமல் கடினமான இரும்புக் கார்பைடாக நின்றுவிடும். 900 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைத்து, உலையிலேயே மெல்ல ஆறவிட்டால் மறுபடி கடையும் பதத்துக்கு வரும். வந்தது, கறுப்புப் பொடியாகத் துருவல் உதிர்ந்தது. சிறிய வார்ப்பு ஒன்றிரண்டுக்காகப் பல பவுண்டரிகள் கதவைத் திறப்பதில்லை என்பது உண்மைதான், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இப்படி ஒருவர் கிடைத்தால் அவரைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வால்வுகளை இயக்கும் பக்கவாட்டுத் தண்டைப் பாதி வேகத்தில் ஓட்டும் சாய்பல் கியர்களை வெளியே வெட்டக் கொடுத்தேன். இடம் போதாமையால் இரண்டும் ஒரே விட்டத்தில், ஒன்றுக்கு இரண்டு என்ற பல் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அதற்குப் பற்களின் சாய்வு ஒன்றில் 63 டிகிரி 26 நிமிடம், மற்றதில் 26 டிகிரி 34 நிமிடம்.

என்னை இன்றுவரை உறுத்தும் விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரிக் கண்காட்சிக்கு இந்த என்ஜினைக் கொண்டுபோனபோது, நெருப்பு வேண்டாம், அடியில் சிறிய மோட்டார் வைத்து பெல்ட்டில் சுற்றவிடுங்கள், பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றார்கள். பாதுகாப்புக்கு அஞ்சுவதை நான் மதிக்கிறேன். வெளியே, திறந்த வெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன் என்று கேட்டேன், மறுத்தார்கள். ஓட்டோ பட்ட பாடு முழுவதும் சிலிண்டருக்குள் எரிகிற தீயைப் பற்றியது. அதை எடுத்துவிட்டு மோட்டாரால் சுற்றிக் காட்டுவது பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் பொய் சொல்வதாகும். நான் என்ஜினைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்றும் அதையே செய்வேன்.

உங்களுக்குக் கடைசியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். முதலில் பிஸ்டன் ரிங்குகளை எண்ணெய் விட்டு, கை ட்ரில்லால் நெடுநேரம் சுற்றிப் பதியவிடுங்கள்; அமுக்கத்தில் ஃபிளைவீல் திரும்பி உதைக்கும் அளவுக்கு வந்த பிறகே பர்னரைப் பற்றவையுங்கள். வீட்டுச் சமையல் சிலிண்டரைத் தொடாதீர்கள். சட்டமும் இடம் தராது. முகாம் அடுப்புகளுக்கு விற்கும் சிறிய கேனும், நல்ல ரெகுலேட்டரும், நடுவில் அழுத்தத்தைச் சமன்செய்ய அந்தக் காலத்து என்ஜின்களில் இருந்ததைப் போன்ற ஒரு சிறிய ரப்பர்ப் பையும் போதும். மூடிய அறையில் ஓட்டாதீர்கள், எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஸ்பார்க் பிளக் போட்டால் பாதி வேலை குறையும் என்று உங்களுக்கு அறிவுரை வரும். போட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை; ஆனால் சூட்டுக் குழாய்க்கான துளையையும் தலைப்பகுதியில் இட்டு, திருகு போட்டு மூடி வையுங்கள்.