துரு வெளிய தெரியுது, தண்ணி உள்ள நிக்குது

கேள்வி: என் கார் 2003 மாடல். டிரைவர் பக்கக் கதவோட அடியில பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா கெளம்பி இருந்துச்சு. போன வருஷம்தான் எமரி போட்டுத் தேய்ச்சு, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சேன். இப்ப அதே எடத்துல முன்னைய விடப் பெருசா வந்து நிக்குது. பட்டி மட்டமா, பெயிண்ட் மட்டமா?

பதில்: ரெண்டுமே நல்லதாத்தான் இருந்திருக்கும். நீங்க வெளிய வேலை பாத்தீங்க, துரு உள்ள இருந்து வருது, அவ்வளவுதான் விஷயம்.

கதவுங்கறது வெளித்தகடு, உள்தகடு ரெண்டையும் சேத்து, அடி விளிம்புல வெளித்தகட்ட உள்தகட்டு மேல மடிச்சு அமுக்கினது. கண்ணாடி ஏறி எறங்குற ரப்பர் வழியா மழைத்தண்ணி கொஞ்சம் உள்ள போகத்தான் செய்யும், அது கோளாறு இல்ல, போற தண்ணி வடியட்டும்னுதான் அடியில சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க. அந்த ஓட்டைய மண்ணும் சருகும் அடைச்சுக்கிச்சுன்னா தண்ணி அந்த மடிப்புலயே கெடக்கும், இரும்பு துருவா மாறுறப்ப முன்ன இருந்தத விட அதிக எடம் கேக்கும், அப்ப அது பெயிண்ட்ட உள்ள இருந்து முட்டித் தள்ளும், நீங்க பாக்குற கொப்புளம் அதுதான். நானும் என் மொத கார்ல உங்கள மாதிரியே ரெண்டு தடவ பட்டி பாத்து ஏமாந்தேன். மூணாவது தடவதான் கதவு அடியில இருந்த ஓட்டைக்குள்ள ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர விட்டுக் குத்திப் பாத்தேன், மொதல்ல கருப்பா சேறு வழிஞ்சுச்சு, பின்னாலயே ஒரு சொம்புத் தண்ணி கொட்டுச்சு. மழை பேஞ்சு பத்து நாள் ஆயிருந்துச்சு அப்ப.

அதனால மொத வேலை கதவோட உள்பக்கத்த மூடியிருக்க அட்டைய (டிரிம்) கழட்டி டார்ச் அடிச்சுப் பாக்கறது, ஓட்டையெல்லாம் தொறந்து விடுறது, உள்ள நல்லா காய விடுறது. அப்புறம் வெளிய வாங்க. கிரைண்டர்ல வயர் பிரஷ் மாட்டி, வெள்ளி மாதிரி தகடு தெரியற வரைக்கும் எடுங்க, கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாம கிரைண்டர தொடாதீங்க. குழி குழியா கருப்புப் புள்ளி நிக்கும், அதையும் விடக் கூடாது, அதுதான் அடுத்த வருஷக் கொப்புளம். சுத்தி ரெண்டு மூணு விரல் அகலத்துக்கு நல்ல பெயிண்டையும் 80 நம்பர் எமரி, அப்புறம் 180, அப்புறம் 320னு சரிவா தேய்ச்சுக் கொண்டு வாங்க, கண்ண மூடிட்டு விரலால தடவினா விளிம்பு தட்டுப்படக் கூடாது.

நெறைய பேர் தப்பு பண்றது இதுக்கு அப்புறம்தான். வெறும் தகட்டு மேலயே நேரா பட்டிய அப்புறாங்க. பாலியெஸ்டர் பட்டி ஈரத்த உறிஞ்சும், உறிஞ்சின ஈரத்த அப்படியே தகட்டுக்குக் குடுக்கும். எண்ணெய்ப் பிசுக்கு போறதுக்குத் தின்னர் மாதிரி எதாவது வச்சுத் தொடச்சிட்டு, அன்னிக்கே எபாக்ஸி பிரைமர், அதாவது ஈரம் தகட்டுக்குப் போகாம தடுக்குற அடிப்பூச்சு, அடிச்சிருங்க, ராத்திரி முழுக்க அப்படியே விட்டா காத்துல இருக்க ஈரத்துக்கே தகட்டுல செவப்பா மேல் துரு ஏறிரும். பிரைமர் காஞ்சதும் லேசா உரசிட்டு அது மேல பட்டி பாருங்க. பட்டிய தண்ணி விட்டுத் தேய்க்காதீங்க, காஞ்ச பேப்பர்லயே தேய்ங்க, வாட்டர் பேப்பர் எல்லாம் மேல சர்ஃபேசர் (பெயிண்ட்டுக்கு முன்னாடி மட்டம் பண்ண அடிக்கிற பூச்சு) அடிச்சதுக்கு அப்புறம்தான். பெயிண்ட் எல்லாம் முடிஞ்சதும் கதவுக்குள்ள கேவிட்டி வேக்ஸ, அதாவது உள்கூட்டுல அடிக்கிற துருத்தடுப்பு மெழுக, அந்த மடிப்புல ஊறிப் போற அளவுக்கு அடிங்க, ஓட்டைய மட்டும் அடைச்சிராதீங்க. எனக்குக் கேட்டா பெயிண்ட்ட விட முக்கியமான வேலை இந்த வேக்ஸ்தான்.

கேள்வி: ரஸ்ட் கன்வெர்ட்டர்னு விக்கிறாங்களே, அதத் தடவிட்டா தேய்க்கற வேலை மிச்சமா?

பதில்: மிச்சமில்ல. அதுல பாஸ்பாரிக் ஆசிட், டானிக் ஆசிட் மாதிரி எதாவது இருக்கும், துருவ அது கெட்டியான கருப்புப் படலமா மாத்தும். ஆனா தொட்ட எடத்தத்தான் மாத்தும். அப்பளம் மாதிரி செதில் செதிலா நிக்கிற துரு மேல தடவினா மேல் செதில் கருப்பாகும், அடியில பழையபடி அரிச்சுக்கிட்டேதான் இருக்கும். மொதல்ல சொரண்டுங்க, குழிக்குள்ள மிச்சம் இருக்கறதுக்கு மட்டும் இத வைங்க. அது மேல எந்த பிரைமர் ஒட்டும், கழுவணுமான்னு டப்பாவுல போட்டிருக்கும், அதப் படிச்சிட்டு செய்ங்க, ஆசிட் மிச்சம் இருந்தா சில எபாக்ஸி பிரைமர் உரிஞ்சு வந்துரும்.

கேள்வி: கதவுக்குக் கீழ முன் சக்கரத்துல இருந்து பின் சக்கரம் வரைக்கும் ஓடுற பகுதியில, ஜாக்கி போடுற எடத்துக்கிட்ட கட்டை விரல் போற அளவுக்குப் பொத்தல். ஃபைபர் மேட் வச்சு பட்டி பாத்துரலாம்னு தெரிஞ்சவர் சொல்றார். செய்யலாமா?

பதில்: தயவு செஞ்சு வேணாம். முக்காவாசி கார்ல தனியா சேசிஸ்ங்கற அடிச்சட்டம் கிடையாது, பாடிதான் பாரத்தத் தாங்குது, அதுல நீங்க சொல்ற அந்தப் பகுதி, 'சில்'னு (sill) சொல்வாங்க, ரொம்ப முக்கியமான எடம். பக்கவாட்டுல இன்னொரு வண்டி இடிச்சா உள்ள இருக்கறவங்களக் காப்பாத்தறதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபைபரும் பட்டியும் பொத்தல மறைக்கும், பாரம் தாங்காது. சீட் பெல்ட் போல்ட், சஸ்பென்ஷன் மாட்டுற எடம், இதுக்கெல்லாமும் இதே பதில்தான்.

ஒரு சுத்தியல வச்சு லேசா தட்டிக்கிட்டே போங்க. நல்ல தகடு டங்குன்னு கேக்கும், அரிச்சது பொத்துன்னு அமுங்கும். கட்டை விரல் அளவுப் பொத்தலுக்கு உள்ள கையகலம் போயிருக்கறது ரொம்ப சாதாரணம். நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, அதே கனத்துல புதுத் தகடு வெட்டி MIG வெல்டிங் (கம்பி தானா வந்து உருகி ஒட்டுற வெல்டிங்) வைக்கணும், ஒரே கோடா இழுத்துட்டுப் போனா சூட்டுல மெல்லிசுத் தகடு நெளிஞ்சிரும், அதனால இங்க ஒரு புள்ளி அங்க ஒரு புள்ளின்னு மாத்தி மாத்தி வச்சு ஆற விட்டு மூடணும். பேட்டரிய கழட்டி, கார்பெட்ட தூக்கி, பெட்ரோல் லைன் எங்க ஓடுதுன்னு பாத்துட்டு, தீயணைப்பான் பக்கத்துல வச்சுத்தான் ஆரம்பிக்கணும். வெல்டிங் கை பழகாதவங்க இத வெல்டர்கிட்ட குடுங்க, வெட்டின எடத்த மூடறதுக்கு முன்னாடி நேர்ல போயி உள்ள ஒரு தடவ பாத்துருங்க. வெல்டிங் சூட்டுல உள்பக்கப் பெயிண்ட் கருகியிருக்கும், அங்கயும் வேக்ஸ் போகலன்னா துரு அங்கேருந்தே திரும்ப ஆரம்பிக்கும்.

கேள்வி: பழைய கார் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், பளபளன்னு இருக்கு. துருவ மறைச்சு பட்டி பாத்திருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: ஒரு சின்னக் காந்தத்த மெல்லிசுத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க. கூரையில வச்சுப் பாத்து எவ்வளவு பிடிமானம்னு கைக்குப் பழக்கிக்கிட்டு, அப்புறம் சக்கர வளைவு, கதவு அடி, சில்னு நகத்திக்கிட்டே வாங்க. எங்க நழுவி விழுதோ அங்க அடியில பட்டி கனமா இருக்கு. பிளாஸ்டிக், அலுமினியத்துல காந்தம் ஒட்டாது, அத பட்டின்னு நெனச்சுக்காதீங்க. அப்புறம் டிக்கியில ஸ்டெப்னிய தூக்கிப் பாருங்க, முன்னாடி கார்பெட்டுக்கு அடியில கைய விட்டு அமுக்கிப் பாருங்க. கை நனைஞ்சுச்சுன்னா, வெளிப் பளபளப்பு எவ்வளவு இருந்தாலும் அந்த வண்டி தரை அரிச்சுக்கிட்டு இருக்கலாம்னு அர்த்தம்.

கேள்வி: கல்லு தெறிச்சு பானட்ல அரிசி அளவுக்குப் பெயிண்ட் போயிருக்கு. அவசரமா பாக்கணுமா?

பதில்: இந்த வாரமே பாருங்க. இப்ப ஒரு துண்டு எமரி, ஒரு சொட்டு பிரைமர், ஒரு சொட்டு டச்-அப் பெயிண்ட்டோட முடிஞ்சிரும். டச்-அப் வாங்க உங்க வண்டிக் கலரோட குறியீடு (பெயிண்ட் code) வேணும், அது பெரும்பாலும் கதவுத் தூண்லயோ பானட்டுக்கு அடியிலயோ ஒட்டியிருக்க தகட்டுல இருக்கும்.