பன்றிக் கொரோனா: திரிபின் பெயரைச் சொல்லி விற்கும் தடுப்பூசியை வாங்கலாமா?

கேள்வி: ஆத்தூர் அருகே வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். ஈன்ற மூன்று, நான்கு நாட்களிலேயே குட்டிகள் மஞ்சள் நீராகக் கழிந்து இறக்கின்றன. குட்டி வாங்கித் தரும் தரகர், இது பி.இ.டி. (பன்றிகளிடையே வேகமாகப் பரவும் கழிச்சல் நோய்) என்னும் பன்றிக் கொரோனாவின் புதிய திரிபு என்றும், அதற்கென்றே வெளிநாட்டுத் தடுப்பூசி தன்னிடம் உள்ளது என்றும் சொல்கிறார். திரிபுக்குத் திரிபு அவ்வளவு வேறுபாடு உண்டா? வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். திரிபுகளுக்குள் வேறுபாடு இருப்பது உண்மை. அந்த உண்மையைக் காட்டித்தான் உங்களிடம் வியாபாரம் பேசுகிறார்கள்.

இந்த வைரஸின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 28,000 எழுத்துகள் கொண்டது. அதில் பெரும்பகுதி எல்லாத் திரிபுகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். குடலின் செல்லைப் பற்றிக்கொள்ள வைரஸுக்கு உதவும் ஸ்பைக் புரதத்துக்கான பகுதியில்தான் மாற்றங்கள் மிகுதி. சீம்பால் வழியாகவும் பால் வழியாகவும் குட்டிக்குக் கிடைக்கும் எதிர்ப்புப் பொருள் குறிவைப்பதும் அதே ஸ்பைக்கைத்தான். பெல்ஜியத்தில் 1970களில் கண்டறிந்த சி.வி.777 என்ற பழைய திரிபிலிருந்து செய்த தடுப்பூசி சீனாவில் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. 2010 இறுதியில் ஸ்பைக் மாறிய திரிபு அங்கே பரவியபோது, ஊசி போட்ட பண்ணைகளிலும் குட்டிகள் கூட்டமாக மடிந்தன. எந்தத் திரிபிலிருந்து செய்தது, உற்பத்தி அல்லது இறக்குமதி உரிம எண் என்ன, குளிர்ப்பெட்டியில் வந்ததா என்று தரகரிடம் கேளுங்கள். லேபிள் கிழிந்த பாட்டிலையும் பனிக்கட்டியில்லாத பையையும் காட்டுபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவருடைய வண்டியும் பண்ணைக்குள் வர வேண்டாம், ஏனெனில் சக்கரத்தில் ஒட்டிய கழிவே இந்நோயைக் கொண்டுவரப் போதும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பைக் பகுதியில் சில எழுத்துகள் விடுபட்டும் சில புதிதாகச் செருகப்பட்டும் உள்ள ஒரு திரிபு, 2014 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அங்கே தாய்ப்பன்றிகளுக்குத் தொற்று இருந்தும் குட்டிகள் இறக்கவில்லை. “லேசான திரிபு, தானாகப் போய்விடும்” என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் அதே வகை ஜெர்மனிக்கு வந்தபோது சில பண்ணைகளில் குட்டிகள் ஏராளமாக இறந்தன. குட்டியின் வயது, தாயின் எதிர்ப்பாற்றல், கொட்டகையின் சூடு ஆகியவையும் சேர்ந்தே சாவைத் தீர்மானிப்பதால், திரிபின் பெயரை மட்டும் கேட்டு அஞ்சவும் வேண்டாம், அசட்டையாக இருக்கவும் வேண்டாம்.

உங்கள் பண்ணையில் இருப்பது கொரோனாதானா என்பதே இன்னும் தெரியவில்லை. ரோட்டா வைரஸும் ஈ.கோலை பாக்டீரியாவும் இதே வயதில் இதேபோல் கழியச் செய்யும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கழிச்சல் தொடங்கிய அன்றே சில குட்டிகளின் கழிவையும், அப்போதுதான் இறந்த குட்டியின் சிறுகுடல் துண்டையும் பனிக்கட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவர் மூலம் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புங்கள், பன்றிக் காய்ச்சலுக்கும் (மனிதருக்கு வரும் ஃப்ளூ அல்ல, பன்றிகளைக் கொல்லும் ஸ்வைன் ஃபீவர்) சேர்த்துக் கேளுங்கள். முடிவு வருமுன் ஒரு ஈற்றே போய்விடுகிறது என்பது நியாயமான மனக்குறை. மாதிரி ஒன்று மேசை மேசையாக நகர்வதை ஏன் எவரும் மாற்றவில்லை என்று எனக்கும் ஆத்திரம் வருகிறது. இருந்தாலும் அனுப்புங்கள்.

அதுவரை செய்ய வேண்டியது எந்தத் திரிபாயினும் ஒன்றே. குட்டிகள் படுக்குமிடத்தை 32 முதல் 34 டிகிரி வெப்பத்தில் வையுங்கள், உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தட்டில் வையுங்கள், தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. கழிவைச் சுத்தமாக வழித்தெடுத்துக் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றுங்கள், கழிவின் மேல் ஊற்றினால் அது வீண். குளிரில் இந்த வைரஸ் நீண்ட நாள் உயிர்த்திருக்கும். ஆகவே ஏற்காட்டுப் பக்கம் பண்ணை வைத்திருப்போர் மார்கழி, தை மாதங்களில் வெளியிலிருந்து பன்றி வாங்கவே வேண்டாம்.