பிரசவ அறையில் பெற்றவளுக்கு இடமில்லையா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். என் ஒரே மகளுக்கு 28 வயது. தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம் நடக்கிறது. ஏழாம் மாதமே வளைகாப்பு போட்டு, ஐந்து வகை சாதம் கட்டி, ஊர் மெச்சும்படி செய்துதான் தேனி பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

அரசு மருத்துவமனையில்தான் பிரசவம். வலி வந்ததிலிருந்து கூடவே இருக்க ஒரு பெண்ணை உள்ளே விடுகிறார்கள். பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டுமாம். நான்தானே என்று இருந்துவிட்டேன். போன வாரம் செக்கப்புக்குப் போனபோது நர்ஸம்மா, "கூட யாரும்மா இருப்பாங்க?" என்று கேட்டார். என் மகள் யோசிக்கக்கூட இல்லை. "எங்க அத்தை" என்றாள். அவள் மாமியாரைச் சொல்கிறாள்! நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்புதானே? சம்பந்தியம்மாவை நான் குறை சொல்லவில்லை. அதிகம் பேசாதவர். ஆனால் இரண்டு வருஷப் பழக்கம் எங்கே, 28 வருஷம் எங்கே? அவளுடைய அப்பா இறந்தபோது அவள் ப்ளஸ் டூ படித்தாள். அன்றிலிருந்து எனக்கு அவள், அவளுக்கு நான் என்றுதான் இருந்தோம். 1997இல் அவளைப் பெற நான் ஒரு பகல், ஓர் இரவு துடித்தேன். அப்போதெல்லாம் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். கத்தினால் திட்டுவார்கள். என் அம்மா கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். இதையெல்லாம் மகளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அப்படிப் பெற்றவளை வெளியே நிறுத்துகிறாளே!

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அவளோடு போனதும் நான்தான். அங்கே எனக்குப் படபடப்பாக வந்து உட்கார்ந்துவிட்டேன், அவள்தான் வெளியே போய்த் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள், அது வேறு விஷயம். மாத்திரை, இரும்புச் சத்து டானிக், கீரை என்று எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து அவள் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். இவ்வளவு செய்தும் நான் வேண்டாதவளா? உறவுக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வேன்? அவளிடம் நான் பேசி இன்றோடு நான்கு நாள். நீங்களே சொல்லுங்கள், பெற்றவளை விட மாமியார் பெரிதா?

இப்படிக்கு,
ஒரு தாய்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிமிஷம் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. பெற்றவள் பெரிதா, மாமியார் பெரிதா என்ற கேள்விக்குள் மட்டும் நான் வரப்போவதில்லை. உங்கள் மகளும் அதை முடிவு செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

"அது வேறு விஷயம்" என்று தாண்டிப் போய்விட்டீர்களே, அந்த ஸ்கேன் நாளுக்குத் திரும்ப வாருங்கள். வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை. முடிவு எப்படி வருமோ என்ற பயம் அவளுக்கும் இருந்திருக்கும். அந்த நேரத்தில் அம்மாவை உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனவள் அவள். தன் பயத்தை அன்று அவள் யாரிடம் சொன்னாள்?

அப்பா போனபோது அவளுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்குமா? உங்களுக்குத் துணையாக நின்றாள். நீங்கள் பட்ட பிரசவ வேதனையை எத்தனையோ முறை உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். உங்கள் முகம் வாடினால் எழுந்து ஓடிப் பழகிய பிள்ளை அவள். அப்படிப்பட்டவளால் வலியில் இருக்கும்போதும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்த ஒரு நாளாவது வேறு யாரையும் தேற்ற வேண்டிய பொறுப்பு இல்லாமல் தன் வலியை மட்டும் பார்க்க நினைத்திருக்கிறாள். சம்பந்தியம்மா அதிகம் பேசாதவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் அழமாட்டார், பதறமாட்டார் என்ற நம்பிக்கைதான் அவர் பெயரைச் சொல்ல வைத்திருக்கும். அதில் உங்கள் மேல் அன்பு குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டதாக எண்ண வேண்டாம். 2016இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினரை, கூடுமானவரை பிள்ளை பெற்றவரைத்தான் சொல்கிறது. மறைப்பு வசதி உள்ள இடங்களில் மட்டுமே கணவரை விடலாம். மாப்பிள்ளையும் உங்களோடு வராந்தாவில்தான் நிற்கப்போகிறார். துணைக்கு வருபவர் கடைசிவரை இருக்கச் சம்மதிக்க வேண்டும், மருத்துவர், செவிலியர் வேலையில் குறுக்கிடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், மகள் அலறும்போது உங்களால் அப்படி நிற்க முடியுமா?

17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தார்கள். பிரசவம் முழுக்க ஒருவர் துணையிருந்தவர்களுக்கு வலி நேரம் சற்றுக் குறைந்தது, சிசேரியனும் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் துணை வேண்டும் என்கிறது, அந்தப் பெண் விரும்பித் தேர்ந்தெடுக்கும் துணையாக இருக்க வேண்டும் என்கிறது. பயம் கூடினால் உடம்பில் அட்ரினலின் என்ற ஹார்மோன் கூடும். கர்ப்பப்பையைச் சுருங்கி விரிய வைக்கும் ஆக்ஸிடோசினின் வேலையை அது மந்தப்படுத்தக் கூடும். பக்கத்தில் நிற்பவரின் பதற்றம் வலியில் இருப்பவளையும் தொற்றிக்கொள்ளும். அதனால் இதில் உங்கள் மகளின் விருப்பத்துக்கு மேல் வேறு யாருக்கும் உரிமை கிடையாது. தாய்வீட்டுப் பொறுப்பு என்பதும் அவள் நல்லபடியாகப் பெற்றெழ வேண்டும் என்பதற்காகத்தானே?

இன்னொன்று. இரவில் எழுந்து மூச்சைப் பார்க்கிறீர்களே, அது எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது. 1997இல் தனியாகக் கிடந்து, கத்தக்கூட விடாமல் திட்டு வாங்கிய அந்த இளம்பெண்ணுக்கு ஆறுதல் சொல்ல அன்று ஆள் இல்லை. பிறகும் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. மகளின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு அந்த இரவு திரும்ப வருகிறது. அன்று உங்களுக்குக் கிடைக்காத துணையாக இன்று அவளுக்கு நீங்கள் இருக்க நினைக்கிறீர்கள். அந்த ஆசை புரிகிறது. ஆனால் அவளுடைய பிரசவத்தில் வைத்து உங்கள் பழைய காயத்தை ஆற்ற முடியாது. தூக்கம் இப்படியே கெட்டால், அதே மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நான்கு நாள் பேசாமல் இருந்தது தவறு, சகோதரி. வலி எப்போதும் வரலாம் என்ற மாதத்தில் இருப்பவள் அவள். இப்போதே போய்ப் பேசுங்கள். "அத்தையே இருக்கட்டும்மா, எனக்குச் சம்மதம்" என்று சொல்லுங்கள். அழாமல் சொல்ல முடிந்தால் நல்லது. முடியாவிட்டாலும் சொல்லிவிடுங்கள். அப்புறம் சம்பந்தியம்மாவுக்கு போன் செய்து, மகளுக்கு என்ன பிடிக்கும், காலில் எந்த இடத்தில் குடைச்சல் வரும், எங்கே பிடித்துவிட்டால் தூங்குவாள் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்கு மட்டுமே தெரிந்தவை அவை.

அந்த 1997ஆம் வருஷக் கதையை மட்டும் பிரசவம் முடியும்வரை அவளிடம் சொல்ல வேண்டாம். எனக்கு எழுதுங்கள். எத்தனை பக்கம் ஆனாலும் சரி, அன்று என்ன நடந்ததோ அத்தனையும் எழுதுங்கள். நான் வாசிக்கிறேன்.