ரஷ்ய, சீன, மேற்கத்திய டாங்கிகளில் எது சிறந்தது? சீன டாங்கி வெறும் ரஷ்ய நகல்தானா?

உக்ரைன் போரில் ரஷ்ய டாங்கியான டி-72-இன் தலை (பீரங்கி பொருத்திய மேற்பகுதி) தனியாகப் பறந்து விழும் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலோருக்கு இந்தச் சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு "ரஷ்ய டாங்கி குப்பை, சீனாக்காரன் அதைக் காப்பியடித்தான், அதுவும் குப்பை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இது தவறு என்பதால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கவசம் எத்தனை மில்லிமீட்டருக்குச் சமம் என்று அட்டவணை போட்டு ஒப்பிடுவதை முதலில் விட்டுவிடுங்கள். இன்று சேவையில் உள்ள டாங்கிகளின் உண்மையான கவச அளவை எந்த நாடும் வெளியிடுவதில்லை. இணையத்தில் சுற்றும் எண்கள் எல்லாம் ஊகம். அதற்குப் பதிலாக, குண்டுகளை எங்கே அடுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். டாங்கியின் உயரம், எடை, ஆள் எண்ணிக்கை, பீரங்கி எவ்வளவு தாழும், அடி வாங்கினால் ஆட்கள் பிழைப்பார்களா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு முடிவிலிருந்தே வருகிறது.

டி-72-ஐ எடுத்துக்கொள்வோம். இதில் குண்டு ஏற்றும் ஆள் கிடையாது. டிரைவர், கன்னர், கமாண்டர் என மூன்றே பேர். குண்டு ஏற்றும் வேலையை ஆட்டோலோடர் செய்கிறது. டரட் எனப்படும் சுழலும் மேற்பகுதிக்கு நேர் கீழே, தரையோடு தரையாக ஒரு வட்டத் தட்டு. அதில் 22 பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் கீழே எறிகுண்டு, அதன் மேலே அதைத் தள்ளும் உந்துமருந்து, இரண்டும் படுத்த நிலையில் இருக்கும். கன்னர் எந்த வகைக் குண்டு வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததும் தட்டு சுழன்று அந்தப் பெட்டியைப் பின்னால் கொண்டுவருகிறது. பீரங்கி தானாகவே ஏற்றும் கோணத்துக்குப் போய் நிற்கிறது. பெட்டி மேலே எழும்புகிறது, தள்ளுதண்டு எறிகுண்டை உள்ளே செலுத்துகிறது. பிறகு பெட்டி சற்றுக் கீழிறங்குகிறது, உந்துமருந்து உள்ளே போகிறது. உந்துமருந்தின் உறை சுடும்போது எரிந்துவிடும். மிஞ்சும் உலோக அடிப்பாகத்தை டரட்டின் பின்பக்கத் துளை வழியே வெளியே எறிகிறது. தட்டு அதிகம் சுற்ற வேண்டியதில்லை என்றால் எல்லாம் 7, 8 வினாடிக்குள் முடிந்துவிடும்.

பொறியியலாகப் பார்த்தால் இது அருமையான வேலை. ஒரு ஆள் குறைந்ததால் உள்ளே தேவைப்படும் இடம் குறைந்தது. இடம் குறைந்ததால் கவசம் போர்த்த வேண்டிய பரப்பும் குறைந்தது. 1973-இல் சேவைக்கு வந்த டி-72, 125 மி.மீ. பீரங்கியோடு 41 டன் எடையில், சுமார் 2.2 மீட்டர் உயரத்தில் முடிந்தது. சோவியத் பாலங்களும் ரயில் வண்டிகளும் தாங்கும் எடை அது. "மனித உயிரை மதிக்காமல் செய்த வடிவமைப்பு" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயிரக்கணக்கில் செய்து, ரயிலில் ஏற்றி, ஐரோப்பாவின் ஆறுகளைக் கடக்க வேண்டும் என்ற தேவைக்கு அது சரியான விடையாகவே இருந்தது.

சிக்கல் தட்டில் இல்லாத குண்டுகளில் இருக்கிறது. வகையைப் பொறுத்து ஒரு டி-72 சுமார் 40 முதல் 45 குண்டுகள் வரை சுமக்கும். 22 போக மீதி எங்கே? டிரைவருக்குப் பக்கத்தில் எரிபொருள் தொட்டிக்குள் செருகியவை, ஆட்களின் இருக்கைகளுக்குப் பின்னால், பக்கச் சுவரில் என்று உள்ளே பல இடங்களில் சிதறியிருக்கும். அந்த உந்துமருந்தின் உறையே எரியும் பொருள். ஏவுகணையின் உலோகத் தாரை ஒன்று உள்ளே புகுந்து அதில் ஒன்றைத் தொட்டால் போதும், நொடிகளில் எல்லாம் பற்றிக்கொள்ளும். ஆட்கள் இருக்கும் அறையும் மருந்து இருக்கும் அறையும் ஒன்றே. அழுத்தம் வெளியேற வழியில்லை. டரட்டைத் தூக்கி எறிவது அந்த அழுத்தம்தான். தட்டு தாழ்வாக இருப்பதால் அதில் நேரடியாக அடிபடும் வாய்ப்பு குறைவு. அதனால்தான் தட்டில் உள்ள 22-ஐ மட்டும் ஏற்றிக்கொண்டு போகும் குழுக்களும் இருக்கின்றன. டி-64, டி-80 என்ற மற்ற சோவியத் டாங்கிகள் இன்னும் மோசம்: அவற்றின் ஆட்டோலோடரில் உந்துமருந்துகள் டரட்டைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும், பக்கவாட்டில் அடிபடும் பரப்பு அதிகம். 1994 டிசம்பர் 31 அன்று செச்னியாவின் குரோஸ்னி நகருக்குள் நுழைந்த ரஷ்ய டி-80-கள் எரிந்து அழிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மேற்கத்திய விடை வேறு. அமெரிக்க எம்1ஏ2 ஆப்ராம்ஸில் 42 குண்டுகள். அதில் 36 டரட்டின் பின்புறம் துருத்திக்கொண்டிருக்கும் பெட்டியில். பெட்டிக்கும் ஆட்களுக்கும் நடுவே கனமான இரும்புக் கதவு. குண்டு ஏற்றும் ஆளான லோடர் தன் முழங்காலால் ஒரு சுவிட்சைத் தட்டினால் கதவு திறக்கும், அவர் ஒரு குண்டை உருவியதும் மூடிக்கொள்ளும். பெட்டியின் கூரை வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யப்பட்டது. மருந்து தீப்பிடித்தால் கூரைத் தகடுகள் பிய்ந்துபோய்த் தீ மேல்நோக்கி வெளியேறும், ஆட்கள் வண்டியை விட்டு இறங்கி ஓட நேரம் கிடைக்கும். கதவு மூடியிருந்தால்தான் இதெல்லாம் நடக்கும் என்பதை மறக்கக் கூடாது. வேகமாகச் சுட வேண்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

இங்கே மேற்கத்திய ரசிகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "லெபர்ட் 2-வும் அப்படித்தான்" என்பது பாதி உண்மை. ஜெர்மன் லெபர்ட் 2-இல் உள்ள 42 குண்டுகளில் 15 மட்டுமே அந்தப் பாதுகாப்பான பின்பெட்டியில். மீதி 27 டிரைவருக்குப் பக்கத்தில், உடற்பகுதியின் முன்பக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்குத் தீ வெளியேறும் தகடு இல்லை. 2016 டிசம்பரில் சிரியாவின் அல்-பாப் நகரருகே துருக்கியின் லெபர்ட் 2ஏ4 டாங்கிகள் பக்கவாட்டில் அடிபட்டபோது டரட் கழன்று கிடந்த படங்களை யாரும் தேடிப் பார்க்கலாம். அங்கேயும் காரணம் அந்த 27 குண்டு அறைதான். பிரிட்டனின் சேலஞ்சர் 2-இல் எறிகுண்டும் உந்துமருந்தும் தனித்தனி. மருந்தை டரட் வளையத்துக்குக் கீழே கவசப் பெட்டிகளில் வைக்கிறார்கள். ஆக, தலை பறப்பது ரஷ்ய நோய் அல்ல. பாதுகாப்பில்லாமல் மருந்தை ஆட்களோடு வைத்தால் எந்தத் தலையும் பறக்கும்.

"அப்படியானால் ஆட்டோலோடரே கூடாது" என்று யாராவது கீழே எழுதுவார்கள். பிரெஞ்சு லெக்லெரைப் பாருங்கள்: மூன்றே பேர், ஆட்டோலோடரும் உண்டு, ஆனால் அதன் 22 குண்டுகள் டரட்டின் பின்பெட்டியில். தென்கொரிய கே2, ஜப்பானின் டைப் 90, டைப் 10 எல்லாம் அதே வழி. ஆட்டோலோடரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதை எங்கே வைத்தார்கள் என்பதே கேள்வி.

தட்டு முறைக்கு இன்னொரு விலையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. கவசத்தைத் துளைக்கும் குண்டு என்பது நீளமான, மெல்லிய கம்பி போன்ற உலோகம். நீளம் கூடினால் துளைக்கும் திறனும் கூடும். மேற்கத்திய 120 மி.மீ. குண்டு ஒரே துண்டாக ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். டி-72-இன் குண்டோ இரண்டு துண்டு, எறிகுண்டு தட்டின் வட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும். ரஷ்யாவின் நீளமான ஸ்வினெட்ஸ் குண்டு பழைய ஆட்டோலோடரில் நுழையாது. டி-90ஏ, டி-72பி3 போன்ற புதிய ரஷ்ய வகைகளில் ஆட்டோலோடரையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது. 125 என்பது 120-ஐவிடப் பெரிய எண் என்று மகிழ்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

தாழ்வான கூரைக்கும் விலை உண்டு. பீரங்கியின் வாயைக் கீழே இறக்கினால் அதன் பின்பாகம் மேலே போய்க் கூரையில் முட்டும். எனவே டி-72-இன் பீரங்கி சுமார் 6 டிகிரிதான் தாழும். லெபர்ட் 2 9 டிகிரி, ஆப்ராம்ஸ் 10. மேட்டின் பின்னால் உடலை மறைத்து டரட்டை மட்டும் நீட்டிச் சுட இந்த 3, 4 டிகிரி தேவை. இல்லாவிட்டால் மேட்டின் மேல் ஏறி உடலையும் காட்ட வேண்டும்.

சுட்டுவிட்டுப் பின்வாங்குவதில்தான் டி-72 எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அதற்கு முன்னோக்கி 7 கியர், பின்னோக்கி ஒன்றே ஒன்று. ரிவர்ஸ் வேகம் மணிக்கு சுமார் 4 கி.மீ. மனிதன் நடக்கும் வேகம் அது. டி-90-இலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. லெபர்ட் 2 மணிக்கு 31 கி.மீ. வேகத்தில் பின்னால் போகும். இதன் விளைவு என்ன? டி-72 டிரைவர் ஆபத்தில் வண்டியைத் திருப்ப வேண்டும்; அப்போது மெல்லிய பக்கமும் பின்புறமும் எதிரிக்குக் காட்டப்படும். முன்பக்கத்தில் எத்தனை அடுக்குக் கவசம் போட்டு என்ன பயன்?

பழுதுபார்ப்பிலும் வித்தியாசம் பெரிது. லெபர்ட் 2-இல் எஞ்சின், கியர்பாக்ஸ், குளிரூட்டி எல்லாம் ஒரே கட்டாக இருக்கும். கிரேன் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கழற்றி மாற்றலாம். டி-72-இல் எஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கும், இருபுறமும் தனித்தனி கியர்பாக்ஸ், நடுவே இணைப்புப் பற்சக்கரப் பெட்டி. எஞ்சினை மாற்றினால் அந்தப் பெட்டியோடு அச்சு சரியாகப் பொருந்துகிறதா என்று அளந்து அளந்து உட்கார வைக்க வேண்டும். அவசரப்பட்டால் பற்சக்கரம் தேயும். ஒரு நாள் வேலை அது.

ஆனால் எடை என்ற விஷயத்தில் மேற்கத்திய வழி தள்ளாடுகிறது. ஆப்ராம்ஸ் 1980-இல் சுமார் 54 டன்னாகத் தொடங்கி, இன்றைய எஸ்இபி வி3 வகையில் 67 டன்னை நெருங்கிவிட்டது. கூடவே அதே எடையைத் தூக்கும் மீட்பு வண்டி, பாலம் போடும் வண்டி, டிரெய்லர் எல்லாம் வேண்டும். அதன் கேஸ் டர்பைன் எஞ்சின் சும்மா நின்றாலும் மணிக்கு சுமார் 38 லிட்டர் குடிக்கும். தொட்டி கொள்ளளவு ஏறக்குறைய 1,900 லிட்டர்.

இப்போது சீனா. நகலா என்றால், 1950-களின் டைப் 59 சோவியத் டி-54ஏ-வின் நகல்தான். அதற்குப் பிறகு இரு நாடுகளும் பகையாகிவிட்டன. 1969-இல் உசூரி ஆற்று எல்லைச் சண்டையில் கைப்பற்றிய சோவியத் டி-62 இன்றும் பீஜிங் ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1980-களில் மேற்கோடு நெருங்கி, பிரிட்டிஷ் வழி 105 மி.மீ. பீரங்கியைப் பொருத்தினார்கள். 1989 தியனன்மென் ஒடுக்குமுறைக்குப் பிறகு அந்தக் கதவும் மூடியது. மீண்டும் சோவியத் வழி 125 மி.மீ. பீரங்கியும் தட்டு ஆட்டோலோடரும் வந்தன. அதனால் டைப் 96, டைப் 99 இரண்டின் வயிறும் டி-72-இன் வயிறுதான். ஆனால் தலையும் முதுகும் வேறு: வார்ப்பு டரட்டுக்குப் பதில் பற்றவைத்த டரட், மாற்றக்கூடிய கவசக் கட்டங்கள், சொந்தத் தயாரிப்பு வெப்பப் படக் கருவி. டைப் 99ஏ-வில் கமாண்டருக்குத் தனியே சுற்றிப் பார்க்கும் கருவியும் 1,500 குதிரைத்திறன் எஞ்சினும் உண்டு. எடை சுமார் 55 டன். தாய்லாந்து, பாகிஸ்தான், நைஜீரியாவுக்கு விற்ற விடி-4-இல் தானியங்கி கியரும் ஸ்டீயரிங் சக்கரமும் இருக்கின்றன. டி-72 டிரைவர் இன்னும் இரண்டு நெம்புகோல்களை இழுத்துத்தான் திருப்புகிறார்.

கருவிகளின் தரம் சின்ன விஷயமல்ல. 2024 ஜனவரியில் உக்ரைனின் ஸ்டெபோவே கிராமத்தில் உக்ரைன் படையின் பிராட்லி சண்டை வண்டிகள் (அமெரிக்கத் தயாரிப்பு) தங்கள் 25 மி.மீ. துப்பாக்கியால் ரஷ்யாவின் ஒரு டி-90எம்-ஐ நெருக்கத்தில் சுட்டே செயலிழக்க வைத்தன. அந்தத் துப்பாக்கியால் முன்கவசத்தைத் துளைக்க முடியாது; ஆனால் பார்வைக் கருவிகள் கவசத்துக்கு வெளியே இருக்கின்றன. ரஷ்யா டி-72பி3-இன் வெப்பக் கருவிக்குப் பிரெஞ்சுக் கேமராவை நம்பியிருந்தது, தடைகள் வந்ததும் தடுமாறியது. சீனா இதில் யாரையும் நம்பவில்லை. எனவே என் முடிவு: டைப் 99 போன்ற சீன டாங்கி பார்வையிலும் எஞ்சினிலும் மேற்கை நெருங்கிவிட்டது, குண்டு வைக்கும் இடத்தில் 1970-களிலேயே நிற்கிறது. ஒரு பெரிய போரில் டைப் 99 இன்னும் சோதிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு பொறுக்கவில்லை. டி-72, டி-90, ஆள் கையால் குண்டு ஏற்றும் இந்தியாவின் சொந்த டாங்கி அர்ஜுன் மூன்றையும் செய்தது சென்னை ஆவடியில் உள்ள ஒரே தொழிற்சாலை. தட்டு முறையும் லோடர் முறையும் அருகருகே உருவான இடம் உலகில் அபூர்வம். ஆனால் அர்ஜுன் என்றாலே "எடை அதிகம், தோல்வி" என்று இரண்டு வார்த்தையில் ஒதுக்குகிறார்கள். எடை உண்மையான குறைதான். மார்க் 1 58.5 டன், மார்க் 1ஏ சுமார் 68 டன், பஞ்சாப் பாலங்களும் ரயில் வண்டிகளும் அதற்கு ஒத்துவராது. ஏறக்குறைய அதே எடையை ஆப்ராம்ஸ் தொட்டால் "கம்பீரம்" என்று எழுதும் கைகள்தான் இதை எழுதுகின்றன என்பதே என் ஆதங்கம். 2010 மார்ச்சில் ராஜஸ்தானில் அர்ஜுனையும் டி-90-ஐயும் 14-க்கு 14 என்று நிறுத்தி ஒப்பீட்டுச் சோதனை நடத்தினார்கள். முழு முடிவை வெளியிடவில்லை. வெளியிட்டிருந்தால் இந்த விவாதம் எண்களோடு நடந்திருக்கும்.

டி-72-களுக்கு மாற்றாக 1,770 புதிய டாங்கிகள் வாங்கும் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் பாதுகாப்புக் கொள்முதல் குழு ஒப்புதல் கொடுத்தது. அந்த வடிவமைப்பு வெளிவரும் நாளில் பீரங்கி எத்தனை மி.மீ. என்று தேடாதீர்கள். உந்துமருந்து எந்த அறையில் இருக்கிறது, ரிவர்ஸ் வேகம் எத்தனை என்று முதலில் தேடுங்கள்.